பக்கத்து அட்டை

ஏப்ரல் 19, ஞாயிறு

எழுத்து கோணலாக இருப்பதற்கு ரெஜினா டீச்சர் மன்னிக்க வேண்டும். கோட்டின் மேல் உட்காரச் சொன்னால் பாதி எழுத்துகள் காலைக் கீழே தொங்கப்போட்டு உட்காருகின்றன. சில எழுத்துகள் குண்டாகவும் சில எழுத்துகள் பட்டினி கிடந்தவை போலவும் வருகின்றன. கை பழகவில்லை. இந்த நாலு வரி எழுதுவதற்குள் காப்பி ஆறி, அதில் ஒரு எறும்பும் விழுந்துவிட்டது.

வாரம் ஒரு பக்கம் எழுத வேண்டும் என்பது டீச்சர் உத்தரவு. முதியோர் வகுப்பில் எங்கள் பதினோரு பேரில் எனக்கு மட்டும்தான் இந்தத் தண்டனை. என்ன எழுத என்று கேட்டேன். "நடந்தத எழுதுங்க தாத்தா" என்றார். நடந்ததை அப்படியே எழுதினால் என் வீட்டுக்காரி சோறு போடமாட்டாள். நல்ல வேளையாக அவளுக்குப் படிக்கத் தெரியாது.

என் பெயர் பலவேசம். வயது எழுபத்திரண்டு. திருவிழாக்களில் பலூன் சுடும் கடை வைத்திருந்தேன். சங்கரன்கோவில் தபசு, பாபநாசம் விசு, குற்றாலம் சாரல் என்று ஊர் ஊராகப் போவேன். சாமி பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் என்னிடம் சுட்டுவிட்டுத்தான் சாமியைப் பார்ப்பார்கள். மூட்டு வலி வந்ததும் கடையை ஏறக்கட்டிவிட்டேன்.

இன்று என் தங்கச்சி பேச்சியம்மாள் வந்தாள். அவளை என் மைத்துனர் குத்தாலிங்கத்துக்குக் கொடுத்தோம், அவர் அக்காளை நான் எடுத்தேன். ஒரே பந்தல், ஒரே சமையல்காரர், செலவு பாதி. ஆகவே குத்தாலிங்கத்தை நான் இரண்டு முறையில் திட்டலாம். ஆனால் அவர் அக்காள் அடுக்களையில் இருக்கும்போது ஒரு முறையிலும் திட்ட முடியாது.

குத்தாலிங்கத்திடம் லைசென்ஸ் துப்பாக்கி ஒன்று உண்டு. ஒற்றைக் குழல், அவர் அப்பா காலத்தியது. கடலைக் காட்டில் பன்றி விரட்ட வாங்கியது. தேர்தல் வந்தால் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாரும் அதை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். போன மாதம் இவரும் கொண்டுபோய் ஒப்படைத்தார். மகளை மாமியார் வீட்டுக்கு அனுப்புகிற முகத்தோடு போனார்.

பேச்சி வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னாள்.

"அண்ணே, எலெக்சன் முடிஞ்சா அது திரும்பி வந்துரும். வர விடாத."

"எதுக்குட்டி?"

"சும்மாதான்."

சும்மா ஒன்றைச் சொல்வதற்காக அவள் இந்த வெயிலில் ரயில்வே கேட்டைத் தாண்டி நடந்து வரமாட்டாள். ஆனால் மோர் குடித்தாள், போய்விட்டாள்.

ஏப்ரல் 20, திங்கள்

குத்தாலிங்கத்திடம் பேசிப் பார்த்தேன். பக்குவமாகத்தான் ஆரம்பித்தேன்.

"மாப்ளே, காட்டத்தான் வித்தாச்சு. இப்ப அங்க பூரா பிளாட்டு. இனி பன்னி வந்தா பத்திரம் பதிஞ்சுட்டுத்தான் வரணும். துப்பாக்கி எதுக்கு வே?"

"அத்தான், ஒமக்கு எழுத்து தெரிஞ்சதும் ரொம்பத்தான் பேசுதீரு."

"கேட்டதுக்குப் பதிலச் சொல்லும்."

"இந்தத் தெருவுல என்னய எப்படிச் சொல்லுதான்? துப்பாக்கி வீட்டுக்காரருங்கான். காடும் போச்சு. அதுவும் போச்சுன்னா நான் வெறும் குத்தாலிங்கம்."

வெறும் பலவேசமாக நான் எழுபத்திரண்டு வருடம் ஓட்டவில்லையா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் என் வீட்டுக்காரி வந்து தம்பிக்கு முறுக்கு வைத்தாள். எனக்கு வைக்கவில்லை.

ஏப்ரல் 23, வியாழன்

வோட்டுப் போட்டேன். இத்தனை வருடம் சின்னத்தைப் பார்த்துப் போட்டவன் இன்று பெயரைப் படித்துப் போட்டேன். மேலேயிருந்து ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டு வந்தேன். பாதியில் ஆபீசர் "பெரியவரே, உள்ள தூங்கிட்டீரா?" என்று கேட்டார். தேர்தலில் நின்றவர்களில் ஒருவர் பெயர் ரொம்ப நீளம்; எழுதப் பழகும்போது எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பார். பாவம் என்று அவருக்கே போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

இன்று ரெஜினா டீச்சர் என்னை ரைபிள் கிளப்புக்குக் கூட்டிப்போனார். டீச்சர் கல்லூரியில் என்சிசியில் சுட்டுப் பழகியவர். இப்போது மாநிலப் போட்டிக்குப் பயிற்சி எடுக்கிறார். எனக்கு 'அம்மா, ஆடு' சொல்லிக்கொடுக்கிற அந்தக் கை ரைபிளைப் பிடித்தால் கல்லில் செதுக்கியதுபோல நிற்கிறது.

கிளப் என்றால் நான் சீட்டாட்டம் இருக்கும் என்று நினைத்தேன். பழைய பஞ்சுக் கிடங்குக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, அவ்வளவுதான். ஒரு பக்கம் வரிசையாக மேசைகள். எதிர்ச்சுவரில் ஒவ்வொரு மேசைக்கும் நேராக ஒரு அட்டை. எல்லா அட்டையும் ஒரே மாதிரி, நடுவில் கறுப்பு வட்டம். அதைச் சுட்டால் சத்தமும் கிடையாது, பொம்மைப் பரிசும் கிடையாது. இதற்கு டாக்டர், வக்கீல், மளிகைக்கடைக்காரர் எல்லாரும் காலையில் குளித்துவிட்டு வருகிறார்கள்.

பொறுப்பாளர் வேலாண்டி, பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவர். என்னிடம் ஒரு ஏர் ரைபிளைக் கொடுத்து, "குழல் எப்பவும் அட்டையப் பாத்துத்தான் இருக்கணும். பேசணும்னா கீழ வச்சுட்டுப் பேசுங்க" என்றார். இந்த விதியை வீட்டில் கரண்டிக்கும் போட்டால் என் வாழ்நாள் கொஞ்சம் நீளும்.

பலூன் கடைக்காரர் வந்திருக்கிறார் என்று எல்லாரும் சுடுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மீசையைத் தடவிவிட்டுச் சுட்டேன். ஒன்றுகூட வட்டத்தில் இல்லை. எல்லாம் வலப்பக்கம், சுவரில்.

காரணம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. திருவிழாத் துப்பாக்கி எதுவும் நேராகச் சுடாது. என்னுடையவை எல்லாம் இடப்பக்கம் இழுக்கும். பலூன் வேண்டுமென்றால் பலூனுக்கு ஒரு சாண் வலப்பக்கம் குறி வைக்க வேண்டும். அது தெரியாதவர்கள் சுட்டார்கள், நான் சாப்பிட்டேன். இப்போது ஒரு யோக்கியமான துப்பாக்கியைக் கையில் கொடுத்ததும், பழக்கதோஷத்தில் அதற்கும் ஒரு சாண் தள்ளிப் பிடித்திருக்கிறேன். இதைச் சொன்னபோது டாக்டர் சிரித்துச் சிரித்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் சின்ன வயதில் குற்றாலத்தில் என்னிடம் சுட்டுத் தோற்றிருக்கிறாராம். காசைத் திரும்பக் கேட்டார்.

முடிந்ததும் வேலாண்டி எல்லா ரைபிளையும் துடைத்து இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். டீச்சரின் சொந்த ரைபிளும் அதற்குள்தான் போனது.

"சொந்தமா வச்சிருந்தாலும் வீட்டுக்குக் கொண்டு போவக் கூடாதா?" என்று கேட்டேன்.

"சட்டம் ஒண்ணும் சொல்லல. கொண்டு போலாம். ஆனா எதுக்கு?" என்றார். "நான் துப்பாக்கிக்கு விரோதி இல்ல பெரியவரே. முப்பது வருசம் அதுதான் எனக்குச் சோறு போட்டுச்சு. மலையடியில விவசாயம் பாக்குறவனுக்கு அது வேணும். இங்க வந்து சுடுறது நல்ல விளையாட்டு, மனசு ஒரு இடத்துல நிக்கும். கட்டிலுக்கு அடியில வச்சுக்கிறதுதான் எனக்குப் புரியல. கோபம், கெட்ட கனவு, தூக்கக் கலக்கம் எல்லாம் அந்த ரூம்லதான இருக்கு?"

எனக்கு இது பிடித்திருந்தது. வேண்டவே வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வீட்டுக்கு ஒன்று வேண்டும் என்றும் சொல்லவில்லை. நானும் அந்தக் கட்சிதான். அதற்குச் சின்னம் இல்லாததால் வியாழக்கிழமை போட முடியவில்லை.

ஏப்ரல் 29, புதன்

பேச்சி வீட்டுக்குப் போனேன். குத்தாலிங்கம் ரேஷன் கடைக்குப் போயிருந்தார். அவள் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து நாலு எடுத்தேன்.

அவளுக்கு இரண்டு வருடமாகப் பக்தி முற்றிவிட்டது என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. விடிகாலையில் கொல்லைக்குப் போகும்போதெல்லாம் அம்மன் பாட்டைச் சத்தமாகப் பாடிக்கொண்டுதான் போவாள். குரல் சுமார்தான். அதைக் கேலி செய்து, "என்ன, இப்ப ஒரு மாசமா ஒம் பாட்டையே காணோமாம். அம்மனோட சண்டையா?" என்றேன்.

அவள் புளியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அது பக்தி இல்லண்ணே. நான்தான் போறேன்னு அவுகளுக்குத் தெரியணும்லா."

"யாருக்கு?"

"ஒம் மாப்பிள்ளைக்குத்தான். கொல்லையில என்ன அசஞ்சாலும் பன்னிங்காக. துப்பாக்கிய எடுத்துட்டு ஜன்னலுக்கு வந்துருதாக."

"வந்தா?"

"ஒரு நாள் சுட்டாக. நான் குனிஞ்சு வாளி எடுத்துக்கிட்டு இருந்தேன். வாளியில பட்டுச்சு. கேட்டா, ஒனக்குப் பின்னால பன்னி நின்னுச்சு, அதைத்தான் சுட்டேன்னாக. பின்னால செவுருல்லா இருக்கு."

"இத ஏன் யார்ட்டயும் சொல்லல?"

"என்னன்னு சொல்ல? அவுக வேணும்னா சுட்டாக? கண்ணு மங்கிப்போச்சு. அதைச் சொன்னா ஒத்துக்கிட மாட்டாக. அதான் பாடுதேன். துப்பாக்கி ஸ்டேஷன்ல இருக்குல்லா, இப்ப பாடல."

குத்தாலிங்கம் அரிசிப் பையோடு வந்தார். "என்ன அத்தான், புளியா?" என்றார். ஆமாம், புளி என்றேன்.

ஏப்ரல் 30, வியாழன்

எழுதப் பிடிக்கவில்லை. முருங்கைக்காய்ச் சாம்பார். உப்பு கூட.

மே 3, ஞாயிறு

அறிவுரை சொன்னால் குத்தாலிங்கம் கேட்கமாட்டார். அவர் குடும்பத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். நான் அந்தக் குடும்பத்தில் ஒருத்தியோடு ஐம்பது வருடம் குடித்தனம் செய்கிறவன். ஆகவே வேறு வழியாகப் போனேன். டீக்கடையில் நாலு பேர் இருக்கும்போது ஆரம்பித்தேன்.

"மாப்ளே, நீரு எத்தன பன்னி சுட்டிருப்பீரு?"

"அது கணக்கு கெடக்குல்லா, ஏகப்பட்டது."

"யாரு பாத்தா?"

"பன்னி பாத்துச்சு."

"செத்த பன்னி வந்து சாட்சி சொல்லாதுல்லா. ஓடிப் போன பன்னி வேணும்னா சொல்லும். ரைபிள் கிளப்புல அட்டையில சுடுதாக வே. எங்க பட்டுச்சுன்னு ஓட்டையே சொல்லிரும். ஒமக்குத் தைரியம் இருந்தா வாரும்."

"நீரு என்ன கிழிச்சீரு அங்க?"

"நான் செவுத்தச் சுட்டேன். அதான் சொல்லுதேன், நீரு வரலன்னா ஒமக்கும் எனக்கும் ஒரே அளவுதான்னு ஊரு பேசும்."

டீ ஆற்றுகிறவர் கை அப்படியே நின்றது. குத்தாலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அடுத்த ஞாயித்துக்கெழம வாரேன். சுட்டுக் காட்டிட்டு, அடுத்த நாளே ஸ்டேஷன்ல போய் எந் துப்பாக்கிய வாங்குதேன். நீரு அதைத் தோள்ல தூக்கிட்டு வரணும். சம்மதமா?"

சம்மதம் என்றேன். கண் தெரியாதவர் அட்டையைத் தவறவிடுவார், வெட்கப்படுவார், டாக்டரிடம் போவார் என்று கணக்குப் போட்டேன். வீட்டுக்கு வந்தபிறகுதான் மற்றது தோன்றியது. ஒருவேளை பட்டுவிட்டால்? அப்புறம் அந்தத் துப்பாக்கியைச் சுமந்துகொண்டு போய் என் தங்கச்சி வீட்டில் வைப்பது நானாகத்தான் இருக்கும்.

மே 5, செவ்வாய்

வோட்டு எண்ணிவிட்டார்கள். என் நீளப் பெயர்க்காரர் தோற்றுவிட்டார். துப்பாக்கிகளை வரும் திங்கள் முதல் திருப்பிக் கொடுப்பார்களாம். பேச்சி போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னேன். கட் ஆகிவிட்டதோ என்று இரண்டு முறை அலோ சொன்னேன். ஆகவில்லை.

மே 10, ஞாயிறு

விரல் வலிக்கிறது, ஆனாலும் முழுவதும் எழுத வேண்டும்.

குத்தாலிங்கம் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சந்தனம் எல்லாம் போட்டுக்கொண்டு பெண் பார்க்கப் போகிறவர்போல வந்தார். பேச்சியும் வந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. பின்னால் பெஞ்சியில் உட்கார்ந்து முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

ரெஜினா டீச்சர் நாலாம் மேசையில் ஒரு சுற்றுச் சுட்டுவிட்டு, அடுத்த சுற்றுக்குப் புது அட்டை மாட்டிவிட்டு டீ குடிக்கப் போனார். வேலாண்டி குத்தாலிங்கத்தை ஐந்தாம் மேசையில் நிறுத்தினார். விதிகளைச் சொன்னார். குத்தாலிங்கம், "எங்கப்பா இதையெல்லாம் எனக்குத் தொட்டில்லயே சொல்லிட்டாரு" என்றார்.

ரைபிளைத் தோளில் வைத்தார். உண்மையைச் சொல்ல வேண்டும், அழகாக நின்றார். என்னைப்போல ஆடவில்லை, மூச்சு இரைக்கவில்லை. கை நடுங்கவே இல்லை. ஒவ்வொரு முறையும் நிதானமாகக் குண்டு போட்டு, நிதானமாக அழுத்தினார். பத்தும் முடிந்ததும் ரைபிளைக் கீழே வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். எல்லாம் பட்டிருக்கும் என்று அந்த முகத்திலேயே தெரிந்தது.

வேலாண்டி போய் ஐந்தாம் அட்டையை எடுத்து வந்தார். மேசையில் வைத்தார். புத்தம் புதிதாக இருந்தது. ஓரத்தில்கூட ஒரு கீறல் இல்லை.

"இது என்னது?" என்றார் குத்தாலிங்கம்.

"ஒங்க அட்டை."

"வே, வெள்ளாடுதீரா? பத்துல ஒண்ணுகூடவா படல? துப்பாக்கியில குண்டே இல்ல. அத்தான், இது ஒம்ம வேல. பலூன் துப்பாக்கியக் கொண்டாந்து மாட்டிட்டீரு."

நான் சாமி சத்தியம் செய்தேன். அவர் நம்பவில்லை. நான் சாமி சத்தியம் செய்தால் யாரும் நம்புவதில்லை. அந்த நேரத்தில் டீச்சர் டீ டம்ளரோடு திரும்பி வந்தார். தன் அட்டையைக் கூர்ந்து பார்த்தார்.

"சார், நான் இன்னும் சுடவே இல்லயே. என் அட்டையில யாரு சுட்டது?"

வேலாண்டி நாலாம் அட்டையையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். கறுப்பு வட்டத்துக்குள் பத்தும் இருந்தன. ஒன்றின் மேல் ஒன்றாக, ஒரு வடைத் துளை அளவுக்குள். டாக்டர் விசில் அடித்தார். என் பிழைப்பில் யாரும் அப்படிச் சுட்டு நான் பார்த்ததில்லை.

வேலாண்டி சத்தம் போடவில்லை. "நல்ல கை பெரியவரே. இந்த வயசுல இப்படி ஒரு கை நான் பாத்ததில்ல. குறி தப்பல. ஆளுதான் மாறிப்போச்சு."

குத்தாலிங்கம் இரண்டு அட்டையையும் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். வலக்கண்ணைப் பொத்தி இடக்கண்ணால் பார்த்தார், இடக்கண்ணைப் பொத்தி வலக்கண்ணால் பார்த்தார். அப்படியே சுற்றித் திரும்பிப் பெஞ்சியைப் பார்த்தார். அங்கே பேச்சி உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியவில்லை. டீச்சர் டம்ளரைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"சாரிம்மா, ஒன் அட்டையக் கெடுத்துட்டேன்" என்றார் டீச்சரிடம்.

"பரவால்ல தாத்தா. இதை என் மார்க்குன்னு சொல்லிரலாமான்னு யோசிக்கிறேன்" என்றார் டீச்சர். எல்லாரும் சிரித்தார்கள். குத்தாலிங்கம் சிரிக்கவில்லை.

பேச்சியை ஆட்டோவில் ஏற்றிவிட்டு நாங்கள் நடந்தோம். ரயில்வே கேட் போட்டிருந்தது. சரக்கு ரயில் வந்தால் பெட்டி தீராது.

"அத்தான்."

"சொல்லும்."

"அன்னைக்குக் கொல்லையில நின்னது பன்னி இல்ல."

"தெரியும் வே."

"அவளுக்குத் தெரியுமா?"

"ஒமக்கு முன்னாலயே தெரியும்."

ரயில் போய்க்கொண்டே இருந்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார். கேட் திறந்ததும், "குறி தப்பல. அதை மட்டும் ஒம்ம நோட்டுல எழுதிக்கிடும்" என்றார். எழுதிவிட்டேன்.

மே 14, வியாழன்

குத்தாலிங்கம் காலையிலேயே வந்து, ஸ்டேஷனுக்குத் துணைக்கு வரச் சொன்னார். வாங்கவா, விடவா என்று கேட்கவில்லை. பயமாக இருந்தது.

உள்ளே போனதும் ரைட்டரிடம், "அது இங்கேயே இருக்கட்டும்யா" என்றார். எனக்கு ரைட்டரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் ரைட்டர் எழுந்து நின்றுவிட்டார்.

"இது என்ன நகை அடகுக்கடையா? எலெக்சன் முடிஞ்சுது, அவனவன் சாமானை அவனவன் தூக்கிட்டுப் போங்க. எனக்கு ரூம்ல ஃபைலு வைக்க இடமில்ல."

"வேண்டாம்னாலும் விட மாட்டீகளா?"

"வேண்டாம்னா திருநெல்வேலியில துப்பாக்கிக் கடையில கொண்டுபோய் ஒப்படைங்க. லைசென்ஸ் உள்ள கடை, பூட்டி வச்சுக்கிடுவாங்க. மாசம் வாடகை. எங்களுக்குத் தகவல் மட்டும் சொல்லுங்க."

இப்படியாகத் துப்பாக்கியை ஒழிக்க வந்த இரண்டு கிழவர்கள் துப்பாக்கியோடு வெளியே வந்தோம். போகிற வழியில்தான் அவர் வீடு. நான் மனதுக்குள் எந்தெந்தச் சாமியையோ கூப்பிட்டேன். இதுவரை மதிக்காத சாமிகளையும் விடவில்லை. குத்தாலிங்கம் வாசலில் நின்று, "பேச்சி, பழைய போர்வ ஒண்ணு எடு" என்றார். அவள் கொண்டுவந்தாள். அவர் உள்ளே போகவில்லை. வெளியிலேயே அதைப் போர்வையில் சுற்றிக் கட்டினார். "பஸ் ஸ்டாண்டுக்கு வாரும்" என்று எனக்கு முன்னால் நடந்தார்.

பஸ்ஸில் கண்டக்டர், "என்ன பெரியவரே, புல்லாங்குழலா?" என்றார். குத்தாலிங்கம் லைசென்ஸைக் காட்டினார். அதன்பிறகு எங்கள் சீட்டுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. திருநெல்வேலி வரை கால் நீட்டிக்கொண்டு போனோம். பஸ்ஸில் இவ்வளவு மரியாதை எனக்குக் கிடைத்ததில்லை. துப்பாக்கியை ஆட்கள் ஏன் வைத்திருக்கிறார்கள் என்பது கொஞ்சம் புரிந்தது.

கடைக்காரர் வாங்கிப் பார்த்து, "நல்ல சாமான், விக்கிறீங்களா?" என்றார். "இல்ல, இருக்கட்டும். எப்பவாச்சும் வந்து பாத்துட்டுப் போறேன்" என்றார் குத்தாலிங்கம். ஹாஸ்டலில் மகளைச் சேர்த்துவிட்டுப் போகிறவர்போலக் கடை வாசலில் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு அல்வா வாங்கினோம். அவர் அக்காளுக்குப் அரைக் கிலோ, என் தங்கச்சிக்கு ஒரு கிலோ. இந்தக் கணக்கை டீச்சர் யாரிடமும் சொல்லக் கூடாது.

வீட்டு வாசலில் பேச்சி நின்றாள். அவர் கையைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், மடித்து என் தோளில் போட்டிருந்த போர்வையைப் பார்த்தாள். குத்தாலிங்கம் அல்வாவை நீட்டினார்.

"சனிக்கெழம கண்ணு டாக்டர்ட்ட போணும். நீயும் வா."

"நான் எதுக்கு?"

"வரணும். இல்லன்னா நான் பாட்டுக்குப் பக்கத்து ரூம்ல பல்லு டாக்டர்ட்ட போய் வாயத் தொறந்துக்கிட்டு உக்காந்திருவேன்."

அவள் சிரிக்கவில்லை. அல்வாவை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். அங்கேயிருந்து அவள் சிரிக்கிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. நின்றுவிட்டது என்று நினைத்தோம், மறுபடி கேட்டது. குத்தாலிங்கம் வாசற்படியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். நானும் உட்கார்ந்தேன்.

ஆப்பரேஷன் என்றால் ஆஸ்பத்திரியில் துணைக்கு உட்கார ஆள் நான்தானாம், இப்போதே சொல்லிவிட்டார்கள். அங்கே சுவர் முழுக்க ஏதேதோ எழுதி ஒட்டியிருப்பார்கள். 'எச்சில் துப்பாதீர்' என்பதிலிருந்து ஒன்று விடாமல் படித்துவிட்டு, எது உண்மை, எது பொய் என்று அடுத்த வாரம் டீச்சருக்கு எழுதுகிறேன்.